ராசி முடி என்று நாங்கள் மறைத்தது

மேடையில் இருக்கும் பங்குச் சாமியார் அவர்களே, கொம்யூன் பஞ்சாயத்துப் பெரியவர்களே, நடவு வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம்.

நான் சவரிநாதன் மகள் கிரேஸ் மேரி. ஆறாம் வகுப்போடு நின்றவள். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. ஆனால் நம் நர்சம்மா அன்னாமேரி அவர்களைப் பற்றி நான் பேசாமல் எப்படி இருப்பது?

பத்து வயதுவரை நன்றாக இருந்த நான், திடீரென்று பாவாடையை நனைக்கத் தொடங்கினேன். வகுப்பில் பெஞ்சு நனைந்தது. பக்கத்து வீட்டு ருக்குமணி அக்கா, "இன்னாடி, ஒங்க வூட்ல மட்டும் தெனமும் மழையா?" என்று சிரித்தார். அம்மா வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டாள், பிறகு அடித்தாள். நான் பள்ளிக்கூடம் போவதை நிறுத்தினேன்.

தடுப்பூசி போட வந்த நர்சம்மா சிரிக்கவில்லை. வாசலில் கிடந்த என் செருப்பைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"ஒத்த செருப்பு மட்டும் ஏன்டி இப்டித் தேஞ்சிருக்கு? காலை இழுத்துட்டு நடக்கிறியா?"

பிறகு என்னைத் திரும்பி நிற்கச் சொல்லி, பின் இடுப்பில் இருந்த கறுப்புக் கயிற்றை விலக்கப் போனார். அம்மா தடுத்தாள்.

"வேணாம் நர்சம்மா. பொறந்ததுலேர்ந்து அங்க முடி இருக்கு. ராசி முடி. கண்ணு பட்டுடும்னுதான் பட்டையாக் கயிறு கட்டி வெச்சிருக்கேன்."

"ராசியும் இல்ல, ஒண்ணும் இல்ல. முதுகுத்தண்டுல கோளாறு இருந்தாலும் அங்க முடி வளரும்மா. அதனாலதான் காலும் இழுக்குது, மூத்திரமும் அடங்க மாட்டேங்குது. புள்ளய அடிக்காத. அவ வேணும்னு பண்ணல."

அவள் வேண்டுமென்று செய்யவில்லை! அந்த ஒரு வார்த்தையைக் கேட்க நான் ஒரு வருடம் காத்திருந்தேன்.

அவரே என்னைப் புதுச்சேரிக்கும், பிறகு மெட்ராசுக்கும் கூட்டிப்போனார். முதுகில் ஆபரேஷன் நடந்தது. கால் அதற்குமேல் மோசமாகவில்லை. மூத்திரம் மட்டும் இன்னும் முழுதாக என் வசம் வரவில்லை. "முன்னாடியே பாத்திருக்கணும்டி" என்று நர்சம்மா நொந்துகொள்வார். மறைத்தது நாங்கள், நொந்தது அவர்!

எத்தனை வரப்பு நடந்தார்! எத்தனை வீட்டில் "புள்ளைங்க முதுகை மறைக்காதீங்க" என்று சொன்னார்! கேட்டோமா? களைத்துப்போனார். போன வாரம் நெஞ்சுவலியில் போய்விட்டார். எனக்கும் களைப்பாகத்தான் இருக்கிறது. அழக்கூடத் தெம்பில்லை.

நேற்று ஒரு தாய் என்னிடம் வந்தார். "எம் பொண்ணுக்கும் ஒன்ன மாதிரியே ஆரம்பிச்சிருக்குடி. நர்சம்மாவும் இல்ல. யாரு கூட்டிப் போவாங்க?" என்று கேட்டார். பெயரைச் சொல்ல மாட்டேன். அவர் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்.

அக்கா, நான் வருகிறேன். இதுவரை டாக்டரிடம் எனக்காக நர்சம்மாதான் பேசினார். நாளை உங்கள் மகளுக்காக நான் பேசுகிறேன். காலை ஏழு மணி புதுச்சேரி பஸ்ஸுக்கு வந்துவிடுங்கள். வழியில் வில்லியனூரில் மூத்திரத்துக்காக நான் ஒருமுறை இறங்க வேண்டியிருக்கும். அதுவரை பஸ் காத்திருக்காது. போனால் போகட்டும், எனக்காக இறங்கி நில்லுங்கள். அடுத்த பஸ்ஸில் போய்ச் சேர்ந்துவிடலாம்.