பின்னால் கேட்ட சத்தம்

டிரைவர்: ...அதச் சொல்லல தங்கச்சி. நேத்து நம்ம பேஜ்ல போட்ட வீடியோவ எடுத்துடு, அவ்ளோதான்.

டெய்லர்: எடுக்கறதா? ஒன்றரை வருஷமா நம்ம வீடியோவ நூறு பேர் பாத்தா அதிசயம். நேத்துலேர்ந்து ஒம்பதாயிரம் பேர் பாத்திருக்காங்கண்ணே.

டிரைவர்: ஒம்பதாயிரமா...

டெய்லர்: ஆமா. கொஞ்சம் இருங்க, மாமனார் கூப்பிடுறாரு... மாமா, தண்ணிதானே? தலைமாட்டுலயே இருக்கு பாருங்க... ஆங், சொல்லுங்க. சட்டைப் பட்டன ஏத்தி எறக்கிப் போட்டிருந்தீங்களே, அதுக்கா கூச்சம்?

டிரைவர்: பட்டனா? அதக் கவனிக்கல.

டெய்லர்: எனக்கு மொதல்ல அதுதான் கண்ல படும், பொழப்பு அப்படி. ஆனா நல்லாப் பேசினீங்க. வீட்டுல படுத்த படுக்கையா ஒருத்தர வச்சிருக்கறவங்க எங்கயும் நகர முடியாது, வாரம் ஒருதரமாவது நர்ஸ் வீட்டுக்கு வரட்டும்னு... சங்கம் எதுக்குன்னு பத்து செகண்டுல சொல்லிட்டீங்க. புதுசா அறுபது பேர் சேரணும்னு கேக்குறாங்க.

டிரைவர்: நல்லது. இதுவரைக்கும் நாப்பத்து மூணு பேர் ஒருத்தர் மொகத்த ஒருத்தர் பாக்காம இருந்தோம். இனிமே நூத்து மூணு பேர் பாக்காம இருப்போம்.

டெய்லர்: சிரிக்க வைக்காதீங்கண்ணே. ஊசி கைல ஏறிடும்.

டிரைவர்: சரி, வீடியோ இருந்துட்டுப் போகட்டும். சங்கத்துலேர்ந்து என் பேர எடுத்துடு. தலைவரா வேற யாரயாவது...

டெய்லர்: என்ன திடீர்னு? யார்கூடயாவது சண்டையா?

டிரைவர்: சண்ட போடவும் ஆள் வேணும்ல.

டெய்லர்: அப்புறம் என்ன? இருங்க, கமெண்ட் ஒண்ணு படிக்கறேன். ஒரு அம்மா எழுதியிருக்காங்க: ‘இவர் பேசும்போது பின்னாடி ஆக்சிஜன் மெஷின் ஓடுது. எங்க வீட்டுலயும் இதே சத்தம்தான். கேட்டதும் அழுதுட்டேன்.’ முக்காவாசிப் பேர் இதத்தான்...

டிரைவர்: தங்கச்சி, அந்தச் சத்தம் உனக்கும் கேக்குதா?

டெய்லர்: கேக்குது.

டிரைவர்: நெசமாவா?

டெய்லர்: ஏன் இப்படிக் கேக்குறீங்க?

டிரைவர்: எனக்கு மட்டும்தான்னு நெனச்சேன். காலைல பல்லு வெளக்கும்போது கேக்கும். குழாய மூடிட்டு அப்படியே நிப்பேன். என் மூஞ்சிய நானே வீடியோல பாக்கற வழக்கமில்ல, நேத்துதான் பக்கத்து வீட்டுக்காரர் கொண்டாந்து காட்டினாரு. பின்னாடி அது ஓடுது... புத்தி பிசகிடுச்சோன்னு ராத்திரி பூரா யோசன.

டெய்லர்: உங்க புத்திக்கு ஒண்ணுமில்லண்ணே.

டிரைவர்: முழுசாக் கேளு. அந்த மெஷின வாடகைக்குக் கொடுத்தவங்க எடுத்துட்டுப் போயி இருபத்தாறு நாள் ஆச்சு. உங்க அண்ணி கண்ண மூடின மறுநாளே வந்துட்டாங்க.

டெய்லர்: யாரு கூட இருந்தா?

டிரைவர்: பஸ் டிப்போலேர்ந்து ரெண்டு பேர் வந்தாங்க. அப்புறம் பக்கத்து வீட்டுக்காரர். மத்தியானத்துக்குள்ள எல்லாம் முடிஞ்சுது.

டெய்லர்: ஒரு போன் பண்ணியிருக்கலாமேண்ணே.

டிரைவர்: எப்படிப் பண்றது? வீட்டுல நோயாளி இருக்கறவங்கதான் உறுப்பினர்னு விதி இருக்கே. சொன்னா அன்னிக்கே நான் வெளிய. தெனம் பத்து மணிக்கு நீ கூப்பிட்டு, ‘அண்ணே, இந்த வாரம் என்ன பேசப்போறோம்’னு கேக்குற பாரு... அதுவும் நின்னுடும். அதுக்குப் பயந்துக்கிட்டு, போனவள வீட்டுல இருக்கறதாவே சொல்லி நாலு வீடியோ பேசிட்டேன். மனசு அறுக்குதும்மா. நீ என்ன வேணா திட்டு. ஆனா இல்லாத மெஷின் எப்படிச் சத்தம் போடுது, அத மட்டும் சொல்லு.

டெய்லர்: நான்தான் போட்டேன். மூணு வாரம் முன்னாடி நீங்க அனுப்புன வீடியோவ வெட்டலாம்னு உக்காந்தேன். எப்பவும் அந்தச் சத்தத்தக் கொறைக்கறதுக்கே எனக்கு அரை மணி நேரம் ஆகும். அன்னிக்குக் கொறைக்க ஒண்ணுமில்ல, உங்க கொரல் மட்டும்தான் இருந்துச்சு. தையல நிறுத்திட்டு நாலு தடவ கேட்டேன். அண்ணி போயிட்டாங்கன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு. அதுலேர்ந்து ‘அண்ணி எப்படி இருக்காங்க’ன்னு கேக்கறதையே விட்டுட்டேன். கேட்டா நீங்க சொல்லிடுவீங்க, சொன்னா உங்க பேர எடுக்கணும், அந்த விதிய எழுதுனவளே நான்தான். வேற யாருக்கும் சந்தேகம் வரக்கூடாதுன்னு பழைய வீடியோலேர்ந்து சத்தத்த எடுத்து, ஒவ்வொரு வாரமும் உங்க பேச்சுக்கு அடியில ஓட விட்டேன். சங்கத்துக்காக இல்லண்ணே. மாமனார் தண்ணி கேக்கறதத் தவிர, நாள் முழுக்க எங்கிட்டப் பேசறது நீங்க ஒருத்தர்தான்.