மூர்ச்சை வந்தாச்சு

பழவங்காடியில் பஸ்ஸுக்கு நின்ற வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். ஒருவர் ஸ்ரீவராகத்து மாமி. மற்றவள் தஞ்சாவூரிலிருந்து அவர் பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவள்.

"ஒருவழியா நேத்திக்கு மூர்ச்சை வந்துடுத்து!" என்றார் மாமி, வரிசையே திரும்பிப் பார்க்கும்படி.

"ஐயையோ! தண்ணி தெளிச்சேளா?"

"தெளிக்காம? கல்லு மேலே நன்னாத் தெளிச்சேன்."

"கல்லு மேலேயா? யாருக்கு மாமி மூர்ச்சை?"

"கத்திக்குடீ! இந்த மலையாள ஊர்ல கூர்மைக்கு மூர்ச்சைன்னுதான் பேரு. மச்சினர் துபாய்லேர்ந்து சாணை கொண்டுவந்தாரே, ஸ்க்ரூவைத் திருகினா கத்தியோட சாய்வு மாறுமே, அது. எங்காத்துக்காரர் யாரையும் தொட விடலை. கத்தியை நிமிர்த்தியே வெச்சுத் தேய்ச்சுத் தேய்ச்சு, தக்காளி நசுங்கினதுதான் மிச்சம். 'சாணையே சரியில்லை, தூக்கிப் போடு'ன்னுட்டார். அவர் ஆபீஸ் போனதும் நான் ஸ்க்ரூவை இளக்கி, கத்தியை நன்னாச் சாய்ச்சுத் தேய்ச்சுட்டேன், கேட்டியா!"

"அப்புறம்?"

"சாயங்காலம் அவர் முன்னாடியே தக்காளி நறுக்கினேன். வில்லைக்குப் பின்னாலே என் விரல் தெரியறது!"

"மாமா என்ன சொன்னார்?"

"அவருக்கு வந்தது உங்க தஞ்சாவூர் மூர்ச்சை!"