செயுலி இயோனா சுமந்த சனிக்கிழமை

மேடையில் வீற்றிருக்கும் போதகர் அவர்களே, தொலைபேசி நிலைய இயக்குநர் அவர்களே, கணவரை இழந்து தவிக்கும் சகோதரி லகி அவர்களே, என்னோடு வேலை பார்க்கும் தோழர்களே! வணக்கம் சொல்லவே எனக்கு நா கூசுகிறது.

குலப்பட்டம் தாங்கிய பெருமகன் செயுலி இயோனா மறைந்துவிட்டார். அவரைப் புகழ எனக்கு என்ன தகுதி?

எந்த இணைப்பு எப்போது அறுந்தது என்று தானாகக் குறித்துவைக்கும் நம் பழைய இயந்திரத்தை அறிவீர்கள். நம் சமோவா தேதிக்கோட்டைத் தாண்டி, ஒரு வெள்ளிக்கிழமையையே விட்டுவிட்டுச் சனிக்கிழமையில் கண்விழித்ததே, அந்தத் தாவல் அதற்கு மட்டும் வரவில்லை. அன்று முதல் ஒரு நாள் பின்தங்கியே குறித்தது. "இதைச் சரிபண்ணுங்கப்பா, ஒருநாள் நம்ம கழுத்தை அறுத்துடும்" என்றார் செயுலி. நாம் என்ன சொன்னோம்? "விடுங்க பெரியவரே, அது இன்னும் கோட்டுக்கு அந்தப் பக்கம், அமெரிக்க சமோவா பாகோ பாகோவுலயே குடியிருக்கு. பாவம், படகு கிடைக்கல போல!" சிரித்தோம்! எப்போதும் ஒரு நாளைக் கூட்டியே படித்துக்கொண்டோம்.

அந்த ஒரு முறை மட்டும் ஏன் கூட்டவில்லை?

சவாயி தீவின் இணைப்பு அறுந்தது. நெஞ்சுவலியில் துடித்த மீனவர் தவேக்காவுக்காக அவர் மகள் மருத்துவமனையை அழைத்து அழைத்து ஓய்ந்தாள். அவர் இறந்தார். எச்சரிக்கை சனிக்கிழமை வந்ததாகப் பதிவு சொன்னது. சனிக்கிழமை பணியில் இருந்தவர் செயுலி. ஒரு நாள் முழுக்கக் கவனிக்காமல் விட்டார் என்றார்கள். தோழர்களே, அது ஞாயிறு! ஞாயிறு பணி யாருடையது? என்னுடையது. இதோ முன்வரிசையில் தலைகுனிந்திருக்கும் இருவருடையது. அறையைப் பூட்டிவிட்டுத் தேவாலயம் போனோம், அப்படியே விருந்துக்கும் உட்கார்ந்துவிட்டோம். விசாரணையில் வாய் திறந்தோமா? இல்லை!

செயுலிக்குத் தெரியாதா? தெரியும். என்னிடம் சொன்னார்: "எந்தக் கிழமையா இருந்தா என்னடா? அந்த வீட்டுல சாவு விழுந்திருக்கு. நம்ம ஆபீஸ்லேருந்து ஒருத்தராவது போய் உக்காரணும்ல? நீங்க போவீங்கன்னு எனக்குத் தோணல."

தனியாகப் படகேறினார். தவேக்கா வீட்டின் முன், மன்னிப்புக் கேட்கும் நம் வழக்கப்படி, பின்னல் பாயைத் தலைமேல் போர்த்திக் குனிந்து உட்கார்ந்தார். செய்யாத குற்றத்துக்கு! வெயில் உச்சிக்கு ஏறியபின் அந்த மகள் வந்து பாயை விலக்கினாள். மன்னிப்பு கிடைத்தது. கவனம் தவறியவர் என்ற பெயர் மட்டும் அவரோடு கல்லறை வரை போய்விட்டது.

அவர் பணியைத் தொடர்வோம் என்று முடிப்பது வழக்கம். நாங்கள் இன்னும் தொடங்கவே இல்லையே! இயக்குநர் அவர்களே, இத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டேன், அந்தப் பதிவைத் திருத்துங்கள். சகோதரி, எங்களை மன்னிக்காவிட்டாலும் நியாயம்தான்.

என் வீட்டுப் பாய் வண்டியில் இருக்கிறது. சவாயிக்குப் போகும் மதியப் படகுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. முன்வரிசைத் தோழர்களே, ஒரு பாய்க்குக் கீழே மூன்று பேர் உட்காரலாம். எழுந்திருங்கள்.