இடைவெளி என்று குறிக்கப்பட்ட இடம்

மேலே கண்ட பெயரும் முகவரியும் என்னுடையவை. வயது நாற்பத்தொன்பது. தாயாருடன் வசிக்கிறேன். வேதியியலில் முதுகலை படித்துவிட்டு, குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின் கீழ் கைதாகி, ஜாமீன் இல்லாமல் காவலில் இருக்கும் லிஃப்ட் மெக்கானிக் என் உடன்பிறந்த தம்பி. போனில் பேசிய குரல் அவனுடையதுதானா என்று அடையாளம் காட்டும்படி அழைக்கப்பட்டு இன்று காலை ஆஜரானேன்.

விசாரணை அறையில் மின்விசிறி ஓடாததால் அதிகாரி தன் நாற்காலியை ஜன்னல் பக்கம் நகர்த்தி, எனக்கும் ஒன்று போட்டார். அதன் பிறகு உரையாடலைத் தட்டச்சு செய்த தாளைக் கொடுத்தார். அரசுக் கட்டடங்களில் வேலை செய்யும் வெளியாட்களின் போன்களை ஒட்டுக்கேட்க உத்தரவு இருப்பதாகச் சொன்னார். உத்தரவைப் பார்க்கலாமா என்று கேட்டேன். அது ரகசியம் என்றார்.

தாளில் இருந்தது பின்வருமாறு. தம்பி: "நாளைக்கு அந்த பில்டிங்ல கயித்த அறுத்து விட்டுடறேன்க்கா. மொத்தப் பேரும் கீழ போய்ச் சேரட்டும்." அதற்கடுத்து, இடைவெளி. நான்: "செய்டா. ஆனா அந்த ஆறாவது மாடிக்காரன் மாடிப்படியிலதான போறான். தப்பிச்சிடுவானே." மறுபடியும் இடைவெளி. முதல் இடைவெளியில் நான் யோசித்துச் சம்மதித்ததாகவும், நான் சொன்னது இலக்கின் நடமாட்டம் பற்றிய தகவல் என்றும் ஓரத்தில் குறிப்பு இருந்தது.

அதன் பிறகு தம்பி பேசிய அந்த ஒரு பகுதி மட்டும் கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டப்பட்டது. குரல் அவனுடையது. சொற்களும் அவனுடையவை. ஆனால் இடைவெளி என்று குறித்த இடத்தில் நாங்கள் இருவரும் சிரித்தோம். இரண்டாவது இடத்தில் அம்மா பக்கத்து அறையிலிருந்து, "இளிச்சது போதும், அடுப்பப் பாருடி" என்று சத்தம் போட்டார். அதுவும் பதிவில் இருக்க வேண்டும். ஆறாவது மாடி அதிகாரியை மாடிப்படி ஏறும்படி டாக்டர் சொல்லியிருக்கிறார். லிஃப்ட் நின்றுவிட்டால் தம்பியை முதல் ஆளாக வந்து திட்டுபவரும் அவர்தான். அன்றும் திட்டியிருந்தார். வேடிக்கை அவ்வளவே.

முழுப் பதிவையும் போடும்படி கேட்டேன். "ஒரிஜினல் மேலிடத்துல இருக்கு மேடம். நானே கேட்டதில்ல. எங்களுக்கு இந்தத் துண்டும் பேப்பரும்தான் வரும்" என்றார். கோர்ட்டுக்கு என்ன போகும் என்று கேட்டேன். "அங்கயும் இதேதான். சட்டமே அப்படி." டைப் செய்கிறவர்கள் வார்த்தைகளை மட்டுமே எழுதுவார்கள் என்றும், இருமல், அழுகை, சிரிப்பு எதுவானாலும் இடைவெளி என்று போடுவதே நடைமுறை என்றும் விளக்கினார். எங்கே பிடித்த தண்ணீர் என்று எழுதாத பாட்டிலை எங்கள் கூடத்தில் வாங்கவே மாட்டோம் என்றேன். "இது தண்ணி இல்லையே மேடம்" என்றார்.

அதன் பிறகு, குரலை மட்டும் அடையாளம் காட்டினால் நான் சாட்சி என்றும், மற்றதைப் பேசினால் என்னையும் எதிரியாக வழக்கில் சேர்க்கக்கூடும் என்றும் தெரிவித்தார். மிரட்டவில்லை. "வீட்ல வயசானவங்க இருக்காங்க, யோசிச்சுக்குங்க" என்று அக்கறையாகவே சொன்னார். குரலை மட்டும் ஒப்புக்கொண்டால் தம்பி வெளியே வர வழியில்லை என்று வக்கீல் ஏற்கெனவே சொல்லியிருக்கிறார். ஆகவே, சிரித்ததையும் சேர்த்து எழுதினால்தான் கையெழுத்திடுவேன் என்றேன். அதிகாரி அதையும் சேர்த்து எழுதினார்.

மேலே உள்ளதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது. எனக்குப் போட்டுக் காட்டப்படாத பதிவுக்கு இந்தக் கையெழுத்து செல்லாது.

இனி வருவது என் கையால் எழுதியது: படித்துக் காட்டும்போது மாடிப்படி என்ற இடத்தில் அதிகாரி சிரித்துவிட்டார். அதைப் பதிய முடியாது என்றார். நான் பதிகிறேன்.

(கையெழுத்து)