பம்ப் ரூமிலிருந்து வந்த பதில்

பகல் பன்னிரண்டு மணி. பிளான்ட்டுக்குள் போகிற சாலை... ஈ காக்கை கிடையாது. இரண்டு பக்கமும் கம்பி வேலி. முன்பு லாரிகள் நின்ற இடமெல்லாம் புல் முளைத்துக் கிடக்கிறது. அந்தச் சாலையில் ஒருத்தர் தனியாக நடந்து போகிறார். சட்டைப் பையில் ஒரு ரெக்கார்டர். கையில் ஒரு கத்தி.

என்ன சிரிப்பு? பேய்க் கதை என்றால் நடுராத்திரியில்தான் ஆரம்பிக்க வேண்டுமா? பேய் என்ன நைட் ஷிப்டா பார்க்கிறது? வெல்டர், அந்த மெழுகுவத்தியைக் கொஞ்சம் உன் பக்கம் நகர்த்து, என் கண்ணிலேயே அடிக்கிறது. கரண்ட் வரும்போது வரட்டும். இந்த மழை விடாமல் எவனும் கம்பத்தில் ஏற மாட்டான்.

இது என்னோடு சாரம் கட்டிய சிநேகிதன் சொன்னது. நடந்தது அவனுடைய அக்கா புருஷனுக்கு. நானாக ஒரு வார்த்தைகூடச் சேர்க்கவில்லை... சேர்க்க வேண்டிய அவசியமும் இல்லை.

அது ஒரு அணுமின் நிலையம். ஓடி முடிந்து, மூடிப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பிரிப்பது என்றால் நம் கொட்டகையைப் பிரிப்பது போல இல்லை. கட்டும்போது ஒரு வரைபடம் போட்டிருப்பார்கள். அப்புறம் வருஷக்கணக்காக ஆளாளுக்கு ஒரு குழாயை மாற்றி, ஒரு கதவைத் திருப்பி வைத்திருப்பார்கள். அதெல்லாம் படத்தில் ஏறியிருக்காது. வேலை செய்தவன் மண்டையில்தான் இருக்கும். அதனால் பழைய ஆட்களை ஒவ்வொருத்தராகக் கூட்டிவந்து, உள்ளே நடக்கவைத்து, ஞாபகத்தில் இருப்பதையெல்லாம் பேசச் சொல்லிப் பதிவு செய்வார்கள். எந்தக் கதவு மக்கர், எந்தக் குழாயில் இன்னும் தண்ணீர் நிற்கிறது... அந்தப் பதிவைக் கேட்ட பிறகுதான் நம்மைப் போன்ற ஆட்களை உள்ளே விடுவார்கள்.

பதிவு செய்கிற வேலை அக்கா புருஷனுக்கு. எல்லோரும் அவரை டேப்பு என்றுதான் கூப்பிடுவார்கள்.

அக்காவுக்கு டேப்பு இரண்டாவது புருஷன். முதல் புருஷன் அதே பிளான்ட்டில் பம்ப் மெக்கானிக். வேலையில் ஒன்றும் ஆகவில்லை; ஒரு நாள் வீட்டில் தூங்கப் போன மனுஷன் எழுந்திருக்கவில்லை, அவ்வளவுதான். டேப்பு முதன்முதலாக அந்த வீட்டுப் படி ஏறியதே, மெக்கானிக்கைப் பற்றி அவர் மனைவி என்ன சொல்கிறாள் என்று பதிவு செய்யத்தான். அக்கா பேசினாள். அழாமல், சிரித்துச் சிரித்துப் பேசினாள். அதைக் கேட்டுத்தான் இவருக்கு அவள்மேல் ஆசையே வந்தது. நம்மைப் பற்றி ஒருத்தி இப்படிப் பேச மாட்டாளா என்று... கல்யாணமும் ஆனது. வினையும் கூடவே வந்தது.

அந்த பிளான்ட்டில் ஒரு பழக்கம் உண்டு. கீழ்த்தளத்தில் எப்போதும் இரைச்சல், வாய்விட்டுக் கூப்பிட்டால் காதில் விழாது. அதனால் ஒரு ரூமைப் பூட்டுவதற்கு முன்னால், வெளியே நிற்கிறவர் குழாயில் ஸ்பேனரால் தட்டுவார். உள்ளே ஆள் இருந்தால் பதிலுக்குத் தட்ட வேண்டும். பதில் வந்தால் பூட்டக் கூடாது. ஆளுக்கு ஒரு தட்டு வைத்திருப்பார்கள். அதைக் கேட்டே உள்ளே இருப்பது இன்னார் என்று சொல்லிவிடுவார்கள். இரைச்சல் நின்று பிளான்ட்டைப் பிரிக்க ஆரம்பித்த பிறகும் அந்தப் பழக்கத்தை யாரும் விடவில்லை.

மெக்கானிக்கின் தட்டு எல்லோருக்கும் தெரியும். டக்டக்... டக். சேர்த்தாற்போல இரண்டு, கொஞ்சம் விட்டு ஒன்று. வேலை முடிந்து வந்து வீட்டுக் கதவைத் தட்டுவதும் அப்படியேதான்.

டேப்பு ஆபீஸ் ஆள். அவருக்கு என்ன தெரியும்? ரூம்களைப் பூட்டித் திறக்கிற பழைய பூட்டுக்காரர் ஒருவர் தட்டப் பழக்கிக்கொடுத்தபோது, ஆணி அடிப்பது போல ஒரே அடி அடித்தார். டொம்.

"செத்தவன்கூட எழுந்து உக்காந்துடுவான் சார், மெதுவா" என்றாராம் பூட்டுக்காரர்.

கல்யாணமாகிக் கொஞ்ச நாள். டேப்பு சாப்பிட உட்கார்ந்திருக்கிறார். அக்கா பரிமாறிவிட்டு, கரண்டியில் ஒட்டியிருந்ததைப் பாத்திரத்தின் விளிம்பில் தட்டி உதறினாள்.

டக்டக்... டக்.

டேப்பு சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "இது யார்கிட்ட கத்துக்கிட்ட?"

"எதை?" என்றாள் அக்கா.

அவளுக்கு நிஜமாகவே தெரியவில்லை. அதுதான் இவருக்கு இன்னும் எரிந்தது. வேண்டுமென்று செய்தால் சண்டை போடலாம். அவளுக்கே தெரியாமல் அவள் கைக்குள் ஒருத்தன் குடியிருந்தால் என்ன செய்வது?

பொறாமை. இதற்கு வேறு பெயர் தேட வேண்டாம். அதிலும் செத்தவன்மேல் வருகிற பொறாமை இருக்கிறதே, அது ஆளையே அரித்துவிடும். உயிரோடு இருப்பவன் என்றால் வயதாகும், தொப்பை போடும், ஒரு நாள் குடித்துவிட்டு உளறுவான், அவளுக்கும் சலித்துப்போகும். செத்தவன் அப்படியே இருப்பான், சட்டை கசங்காமல்.

வேலைக்குப் போனாலாவது நிம்மதி உண்டா? பழைய ஆட்கள் வாயைத் திறந்தால் மெக்கானிக்தான்.

"இந்த வால்வு மெக்கானிக் மாத்தினது சார்." "இந்த மூலையிலதான் மெக்கானிக் உக்காந்து சாப்பிடுவான்." "பொண்டாட்டிய பத்திப் பேச ஆரம்பிச்சான்னா நிறுத்தவே மாட்டான் சார்."

அந்தப் பொண்டாட்டியின் இன்றைய புருஷன் எதிரில் ரெக்கார்டரை நீட்டிக்கொண்டு நிற்கிறார். முகத்தில் ஒன்றும் காட்டக் கூடாது. யோசித்துப் பாருங்கள்.

டேப்பு அழிக்க ஆரம்பித்தார். சாயங்காலம் ஆபீசில் தனியாக உட்கார்ந்து பதிவுகளை ஓட்டுவார். மெக்கானிக் என்று வந்ததா... அந்தத் துண்டு காலி. அதற்கு மேல் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று கேட்கமாட்டார். நேரில் பேசும்போதே அந்தச் சொல்லோடு அவர் காது அடைத்துக்கொள்ளும். ஒவ்வொரு துண்டாக வெட்டும்போது வயிறு கொஞ்சம் குளிர்ந்தது. வீட்டுக்குப் போனால் கரண்டி. டக்டக்... டக். திரும்பவும் எரிந்தது.

வெட்டிய துண்டுகளில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். அதைச் சொன்ன பழைய ஆளே பிற்பாடு சிநேகிதனிடம் திருப்பிச் சொன்னார். "மெக்கானிக் கீழ்த்தளத்துப் பம்ப் ரூமுக்குள்ள போறப்பல்லாம் ஒரு மரக்கட்டைய காலால தள்ளி, கதவுக்கு அடியில முட்டுக் கொடுத்துட்டுத்தான் போவான். அந்தக் கதவு தானா மெதுவா சாத்திக்கும் சார். உள்பக்கம் கைப்பிடி கிடையாது."

அந்தப் பம்ப் ரூமை கான்கிரீட் ஊற்றி அடைத்துவிடுவது என்று முடிவானது. மறுநாள் காலையில் ஊற்ற வேண்டும். அன்றைக்குப் பார்த்துப் பூட்டுக்காரர் சும்மா இல்லாமல் ஒன்றைச் சொன்னார். "மெக்கானிக் செஞ்ச ஸ்டூல் இன்னும் அங்கதான் கிடக்கு. அடிப்பக்கம் பொண்டாட்டி பேரைச் செதுக்கி வெச்சிருப்பான். பாவம், அதுவும் கான்கிரீட்டோட போகப்போகுது."

போகிறது என்றார் பூட்டுக்காரர். டேப்புக்கு வேறு மாதிரி பட்டது. மரம் என்றால் உளுத்துப்போகும், எரிந்துபோகும். கான்கிரீட்டுக்குள் போய்விட்டால்? தன் பெண்டாட்டியின் பெயர் இன்னொருத்தன் கையெழுத்தில், யாருமே அழிக்க முடியாமல், உலகம் உள்ளவரைக்கும் இருக்கும். அதை அவரால் தாங்க முடியவில்லை.

அதனால்தான் அந்தக் கத்தி. எல்லோரும் சாப்பிடப் போன நேரம். பூட்டுக்காரர் கதவுகளின் பூட்டைத் திறந்துபோட்டுவிட்டுப் போயிருந்தார், கடைசியாக ஒரு தடவை பார்த்துவிட்டுப் பூட்டலாம் என்று. டேப்பு படி இறங்கினார். ஈர இரும்பு வாசனை. பழைய கிரீஸ். தேங்கிய தண்ணீரின் குமட்டல்.

பையில் ரெக்கார்டர் ஓடிக்கொண்டிருந்தது. பழக்க தோஷம். இனி நான் சொல்வது அதில் இருந்தது, சிநேகிதன் பிற்பாடு போட்டுக் கேட்டது.

செருப்புச் சத்தம். ஸ்டூலைத் தரையில் கவிழ்க்கிற சத்தம். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை... பெயரைப் பார்த்துக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. அப்புறம் கத்தி. கர்... கர்... கர்...

க்ளக்.

கதவு சாத்திக்கொண்டது.

"யாரு?" என்கிறார். ஓடுகிற சத்தம். கதவை நகத்தால் பிறாண்டுகிற சத்தம். அந்தப் பகுதிக்கு அன்று மத்தியானத்தோடு கரண்டை நிறுத்துவதாக ஏற்பாடு. "ஐயோ, லைட்டு" என்கிறார். அப்புறம் குழாயில் அடிக்கிறார். டொம். டொம். டொம். வெளியே யாருமில்லை. எல்லோரும் சாப்பாட்டில்.

நிறுத்தினார். மூச்சு மட்டும் கேட்கிறது.

டக்டக்... டக்.

வெளியிலிருந்து வரவில்லை. ரெக்கார்டருக்குப் பக்கத்திலேயே, சட்டைப் பையை ஒட்டி.

இந்த இடத்தில் நீங்களோ நானோ என்ன செய்வோம்? கத்துவோம். சாமி எல்லாரையும் கூப்பிடுவோம். டேப்பு அதைச் செய்யவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சொல்கிறார்: "அவ என் பொண்டாட்டி."

மூச்சு... முதலில் ஒருத்தர் மூச்சு. கொஞ்சம் போனதும் இரண்டு பேருடையது. ஒன்று விட, இன்னொன்று இழுக்க. அப்புறம் திரும்பவும் ஒன்று. ரெக்கார்டர் அதோடு நின்றுவிட்டது.

பூட்டுக்காரர் சாப்பிட்டுவிட்டு வந்தார். சாத்திக் கிடந்த கதவைப் பார்த்தார். முறைப்படி குழாயில் தட்டினார்.

டக்டக்... டக்.

அவருக்கு ஸ்பேனர் கையிலிருந்து நழுவிவிட்டது. அந்தத் தட்டைக் கேட்டு எத்தனை வருஷம். ஓடியிருக்கலாம். ஆனால் பதில் வந்தால் திறக்க வேண்டும், அது இத்தனை வருஷம் ஊறிய பழக்கம். திறந்தார்.

டேப்பு நின்றுகொண்டிருந்தார். வியர்வைகூட இல்லை. நிதானமாக வெளியே வந்தார். வந்தவர், திரும்பிக்கூடப் பார்க்காமல், மூலையில் கிடந்த மரக்கட்டையைக் காலால் தள்ளிக் கதவுக்கு அடியில் முட்டுக் கொடுத்தார்.

"பசிக்குது. நான் வீட்டுக்குப் போறேன்" என்றார்.

பூட்டுக்காரர் கீழே விழுந்த ஸ்பேனரை எடுத்தார். பூட்டுவதற்கு முன்னால் இன்னொரு தடவை தட்ட வேண்டுமே, கையே போய்த் தட்டியது.

உள்ளேயிருந்து... டொம்.

டார்ச்சை அடித்துப் பார்த்தார். பம்ப், சுவர், கவிழ்ந்து கிடக்கிற ஸ்டூல், பக்கத்தில் கத்தி. ஆள் இல்லை.

"சார்... உள்ள யாரோ..."

"காலி ரூம்தான் அண்ணே. பூட்டுங்க."

அதுவரைக்கும் டேப்பு அவரை அண்ணே என்று கூப்பிட்டதே இல்லை. அப்படிக் கூப்பிட்டது மெக்கானிக் ஒருத்தர்தான்.

பூட்டுக்காரர் பூட்டிவிட்டார். பதில் வந்த பிறகும் பூட்டிவிட்டார். காலையில் கான்கிரீட் லாரி வந்தது. அவர் அன்றைக்கும் வரவில்லை, அதற்கப்புறம் எந்த வேலைக்கும் வரவில்லை.

சாயங்காலம் அக்கா வீட்டுக் கதவில் தட்டு. டக்டக்... டக். அக்கா செருப்புகூடப் போடாமல் முடி அவிழ ஓடிவந்து திறந்தாளாம். பக்கத்து வீட்டுக்காரி பார்த்திருக்கிறாள்.

சில வாரம் கழித்து சிநேகிதன் போனான். வீடு களையாக இருந்தது. ஒழுகிக்கொண்டிருந்த குழாயை மாமா சரி செய்திருந்தார். ஸ்பேனரையே பிடிக்கத் தெரியாத மாமா. அக்கா பாட்டு முணுமுணுத்துக்கொண்டு திரிந்தாள். மாமாவிடம் முன்பிருந்த சிடுசிடுப்பு இல்லை. நன்றாகப் பேசினார், அக்காவைக் கண்ணால் தேடிக்கொண்டே இருந்தார். போகட்டும், பொறாமை பிடித்த மனுஷன் ஒருவழியாகத் திருந்திவிட்டார் என்று இவனுக்குச் சந்தோஷம்.

சாப்பிட உட்கார்ந்தார்கள். அக்கா பரிமாறினாள். கரண்டியில் ஒட்டியிருந்ததைப் பாத்திரத்தின் விளிம்பில் தட்டினாள்.

டொம்.

ஒரே ஒரு தட்டு. கனமாக.

மாமாவின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. அக்காவை நிமிர்ந்து பார்த்தார். அந்தக் கண்ணில் இருந்ததை இவன் முன்பும் அதே இடத்தில் பார்த்திருக்கிறான்.

"இது யார்கிட்ட கத்துக்கிட்ட?" என்றார்.

எதை என்று அக்கா கேட்கவில்லை. கரண்டியைச் சத்தம் வராமல் கீழே வைத்தாள்.