மூக்குக்கும் ஒரு பதக்கம்

விழாவுக்குத் தலைமை தாங்கும் கண்ணாடி வணிகர் சங்கத் தலைவர் அவர்களே, அழைப்பிதழைக் கை எட்டும் மட்டும் நீட்டிப் பிடித்து எழுத்தைத் துரத்திக்கொண்டிருக்கும் பெரியோர்களே, ஊசிக்காதைத் தேடிச் சலித்த தாய்மார்களே, சிறந்த கண்ணாடிக் கலைஞர் எனப் பதக்கம் பெறவிருக்கும் என் தங்கை கணவரே, என் வயிற்றெரிச்சலே, வணக்கம்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஒரே கடை; தடுப்புக்கு அந்தப் பக்கம் அவர் வில்லை தேய்க்கிறார், இந்தப் பக்கம் நான் அதைச் சட்டத்தில் பொருத்தி முகத்தில் மாட்டுகிறேன். பதக்கம் மட்டும் அந்தப் பக்கமே போய்விட்டது. அவரைப் பாராட்டிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். பாராட்டுகிறேன். பல்லைக் கடித்துக்கொண்டு பாராட்டுகிறேன்.

வில்லையின் வரலாறு என்ன? முதலில் ஏட்டின் மேல் வைத்து எழுத்தைப் பெரிதாக்கிய கல் வந்தது. ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகளுக்கு முன் இரண்டு வில்லைகளை ஓர் ஆணியால் இணைத்தார்கள். கிட்டப் பார்க்கக் குவிவில்லை வந்தது; எட்டப் பார்க்கக் குழிவில்லை வந்தது. வந்தது, வந்தது, வந்தது, நின்றதா? கையால் பிடித்தார்கள், கை கடுத்தது. மூக்கைக் கிள்ளி மாட்டினார்கள், மூச்சு முட்டியது. தும்மினால் கண்ணாடி தரையில். காதில் மாட்டும் கால் வர நானூறு ஆண்டுகளுக்கு மேல் ஆனது. வில்லை இல்லையேல் பார்வை இல்லை என்கிறார்கள். சட்டம் இல்லையேல் வில்லைக்கே நிலை இல்லை என்கிறேன் நான்.

தமிழுக்கு இது தெரியும். கண்ணுக்கு அணிவதற்குத் தமிழ் வைத்த பெயர் என்ன? மூக்குக்கண்ணாடி. பார்ப்பது கண், பாரம் சுமப்பது மூக்கு, பெயரில் முதலிடம் மூக்குக்கு. மொழி கொடுத்த மரியாதையைச் சங்கம் கொடுக்கவில்லையே, அதுதான் எரிகிறது.

போன வாரம் தையற்கார அம்மா ஒருவர் புதுக் கண்ணாடியில் தலை சுற்றுகிறது என்று வந்தார். மாப்பிள்ளை வில்லையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், அளவு சரி. நான் மூக்குத் தாங்கியை ஒரு மயிரிழை உயர்த்தினேன். சுற்றல் நின்றது. போகும்போது அந்த அம்மா தடுப்புக்கு மேல் எட்டி, "லென்சு பிரமாதம் தம்பி" என்று அவரிடம் சொன்னார். நான் மாட்டிவிட்ட கண்ணாடியோடு என்னைப் பார்க்காமலே போனார்.

என்ன அங்கே? என் தங்கை. "போதும், இறங்குண்ணே" என்கிறாள். பதக்கம் உன் வீட்டுக்கு வருகிறது, தாயே; நீ சொல்லலாம்.

முடிக்கிறேன். மாப்பிள்ளை ஏற்புரைத் தாளை எடுத்துக் குனிகிறார். பாருங்கள், கண்ணாடி வழுக்குகிறது. விரலால் தூக்குகிறார், மறுபடியும் வழுக்குகிறது. திருகு தளர்ந்திருக்கிறது. பதக்கச் செய்தி வந்த நாள் முதல் அவரும் கேட்கவில்லை, நானும் தொடவில்லை.

இங்க வாங்க மாப்பிள்ளை. திருப்புளி என் சட்டைப் பையிலதான் இருக்கு. குனியுங்க. ம். இப்ப எதிர்ல யாரு தெரியறாங்க?

"நீங்கதான் மச்சான்."

மைக்கில சொல்லுங்க.

"மச்சான்தான் தெரியறாரு. அவரு மாட்டிவிட்டாத்தான் எனக்கே எதுவும் தெரியுது."

கேட்டீர்களா, தலைவர் அவர்களே? பதக்கத்தை அவருக்கே கொடுங்கள். எனக்கு இன்னும் எரியத்தான் செய்கிறது. ஆனால் அந்தப் பதக்கத்தின் ஊக்கு வளைந்திருப்பது இங்கிருந்தே தெரிகிறது. இப்படிக் கொடுங்கள், நிமிர்த்தி நானே குத்திவிடுகிறேன்.

பொறுமையாய்க் கேட்ட செவிகளுக்கும், கண்ணாடி சுமக்கும் மூக்குகளுக்கும் என் நன்றி, வணக்கம்.