வாசலில் ஒரு கோடு

வலங்கைமான் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள்.

“ஏங்க்கா, வாசல்ல கோலம் போடாம வெறும் கோடு போட்டுருக்கீங்களே, ஏன்?” என்றாள் இளையவள்.

“எங்க வீட்டுக்காரரு கபடி ஆடுனவருல்ல. தலையில அடிபட்டு மயங்கி விழுவாரு, தண்ணி தெளிச்சு மறுபடி எறக்கிவிடுவாங்க. எத்தனையோ தடவ. அதனாலதான் இந்த மறதின்னு டாக்டர் சொல்றாரு. இப்ப வெளிய போனா திரும்பி வரத் தெரியல.”

“அதுக்குக் கோடு எதுக்கு?”

“கோடு மட்டும் மறக்கல. தெருவுல அவரு எதிர்ல போய் நிப்பேன். கபடி கபடின்னு பாடிக்கிட்டே வந்து என்னையத் தொட்டுட்டு, கோட்டத் தாண்டி வீட்டுக்குள்ள ஓடிருவாரு.”

“அப்ப உங்கள அடையாளம் தெரியுது.”

மூத்தவள் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“எதிர் டீம் ஆளுன்னு தெரியுது. அதனாலதான தொடுறாரு.”